மெம்டெஸ்ட் 86 பிளஸ்: விண்டோஸ் திருப்பிப் போட முதல் இத ஒருக்கா ஓட்டிப் பாருங்க

மட்டக்களப்புல கம்ப்யூட்டர் நீல ஸ்கிரீன் காட்டி நிண்டா ஆரக் கேட்டாலும் விண்டோஸ திருப்பிப் போடு எண்டுதான் சொல்லுவாங்க, காசும் போகும் ஃபைலும் போகும், கொஞ்ச நாள்ல அதே நீல ஸ்கிரீன் மறுகா வரும். ரேம்ல பிழை எண்டா எத்தின தரம் போட்டும் வேலையில்ல.

அதுக்குத்தான் இந்த சாமான், ரேம்ல பிழை இருக்கா எண்டு டெஸ்ட் பண்ணுற புரோகிராம். ஓபன் சோர்ஸ், ஒரு சதமும் குடுக்கத் தேவையில்ல. பென் டிரைவ்ல ஏத்தி அதுல இருந்தே பூட் பண்ணணும், விண்டோஸே தேவையில்ல. 2022ல வந்த 6ஆம் வெர்ஷன்ல இருந்து யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலா வந்தது) போர்டுலயும் ஓடுது. பிழை வந்தா சிவப்பு லைன்ல காட்டும், அவ்வளவுதான், பாக்க வடிவா ஒண்டும் இருக்காது.

கல்லடியில கூட்டாளி ஒருவன்ட மெஷின், ரைசன் 5 2600, அதுக்கு 3600 ஸ்பீட் ரேம் கிட் வாங்கி எக்ஸ்எம்பிய (ரேமுக்கு கம்பெனி சொன்ன ஸ்பீட், டைமிங், வோல்ட்ட ஒரேயடியா வைக்கிற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணிட்டான். டெஸ்க்டாப்ல ஒரு பிரச்சினையும் இல்ல, கேம் போட்டா மட்டும் வெளிய தள்ளும். ரேம் பெட்டியில 3600 எண்டு கிடந்தாலும் அந்த சிபியுக்கு ஏஎம்டி சொல்ற ஸ்பீட் 2933தான், அதுக்கு மேல எல்லாம் ஓவர்கிளாக், உள்ள இருக்கிற மெமரி கண்ட்ரோலர் தாங்கினாத்தான் உண்டு. டெஸ்ட்ல சிவப்பு லைன் கொட்டுது. எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணி ஓட்டினா ஒரு பிழையும் இல்ல. அப்ப ரேம் பழுதில்ல, ஸ்பீட்தான் கூட எண்டு விளங்கிட்டு. இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டுறதுதான் இதுட பெரிய பலம் எண்டு நான் சொல்லுவன். எக்ஸ்எம்பில இருந்த டைமிங்கையும் 1.35 வோல்ட்டையும் அப்படியே வெச்சு 3200க்கு இறக்கி விடிய விடிய ஓட்டினம், கிளீன். அவன் புது ரேம் வாங்க காசு பிரட்டிக்கொண்டு இருந்தவன்.

எக்ஸ்எம்பி ஆஃப்லயும் பிழை வந்தா ஒவ்வொரு ஸ்டிக்கா, சிபியு பக்கத்தில இருந்து ரெண்டாவது ஸ்லொட்ல போட்டுப் பாருங்க. அதுக்கும் முதல் கழட்டி அந்த தங்கக் கலர் கால்கள அழிறப்பரால மெதுவாத் தேய்ச்சுப் போடுங்க, இஞ்ச கடல் காத்துக்கு அது கட்டாயம்.

குறை இல்லாம இல்ல. டெஸ்ட் ஓடக்குள்ள கிராஃபிக்ஸ் கார்ட் சும்மாதான் இருக்கும், அதால ரேம் பெரிசா சூடாகாது. சூடு கூடினா ரேம்ட செல்லுகள்ல இருக்கிற சார்ஜ் கெதியா ஒழுகும், டிரெஃபிய (அந்த சார்ஜ திருப்பி ஏத்துற இடைவெளி) கூட்டி வெச்ச ஆக்களுக்கு அங்கதான் அடி விழும். கச்சான் காத்து அடிக்கிற ஆடி மாசத்துப் பகல்ல அறை கொதிக்கக்குள்ள இரவு பாஸ் ஆன செட்டிங் நிக்கும் எண்டு நம்பாதிங்க, விண்டோஸுக்குள்ள ஓடுற டெஸ்ட்மெம்5 எண்ட ரேம் டெஸ்டையும் ஓட்டி கேமும் போட்டுப் பாருங்க. இடையில கரண்ட் போனா முதல்ல இருந்து தொடங்கணும், அது பெரிய கரைச்சல். 16 ஜிபிக்கு ஒரு பாஸ், அதாவது முழு டெஸ்டும் ஒரு தரம், முடியவே கனநேரம் எடுக்கும்.

பாஸ்மார்க்ட மெம்டெஸ்ட் 86 வேற சாமான், அதுவும் நல்லம், ஆனா ஃப்ரீ வெர்ஷன் 4 பாஸோட நிண்டுடும்.

வாரண்டிக்கு கொண்டு போற ஆக்கள், எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணி ஓட்டி அந்த சிவப்பு லைன் தெரியிற மாதிரி ஃபோட்டோ எடுத்துக் கொண்டு போங்க, ஓவர்கிளாக்ல வந்த பிழை எண்டு ஆரும் திருப்பி அனுப்ப ஏலாது.