டிபிஎஸ்ஸைக் காதால் கேட்டு செட் பண்ணுகிறவரிடம் பழைய இன்ஜெக்‌ஷன் காரைக் கொடுக்காதீர்கள்

த்ராட்டில் (இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் தட்டு) எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரை, அதாவது டிபிஎஸ்ஸை, "செட் பண்ணித் தருகிறோம்" என்று வாங்கிக்கொண்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் காரைக் கெடுத்துக் கொடுத்தார்கள். போடாத புது சென்சாருக்குப் பணமும் வாங்கினார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். கேபிள் வைத்த த்ராட்டிலும் திருப்பக்கூடிய டிபிஎஸ்ஸும் உள்ள பழைய பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

தொல்லை ஐடிலிங்கில், அதாவது பெடலை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, ஆரம்பித்தது. இன்ஜின் சூடானதும் ஆர்பிஎம் 900-க்கும் 1600-க்கும் நடுவே தானாக ஏறும், இறங்கும். யாரோ ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து விடுவதுபோல இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் போனட்டைத் திறந்த இரண்டு நிமிடத்தில் மெக்கானிக் "டிபிஎஸ் போயிருக்கு சார், மாத்தி செட் பண்ணிடலாம்" என்றார். மீட்டர் எதையும் வைத்துப் பார்க்கவில்லை. சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலையில் போனபோது வேலை கடைசிக் கட்டத்தில் இருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிபிஎஸ்ஸின் இரண்டு ஸ்குரூவையும் தளர்த்திவிட்டு, சத்தத்தைக் கேட்டபடியே சென்சாரைக் கையால் மெல்லத் திருப்பினார். ஏறி இறங்குவது நின்றது. அப்படியே இறுக்கினார். ஆனால் ஆர்பிஎம் 1500-லேயே நின்றது. உடனே த்ராட்டில் பாடியின் ஓரத்தில் பெயின்ட் வைத்து மூடியிருந்த ஸ்டாப் ஸ்குரூவை இரண்டு சுற்று வெளியே எடுத்தார். ஐடிலிங் இறங்கியது. பில்லில் புது சென்சார், பொருத்துகூலி, டியூனிங் என்று மூன்று வரி. கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றே நாளில் பெடல் ஒட்ட ஆரம்பித்தது. லேசாக அழுத்தினால் அசையாது, கொஞ்சம் பலமாக அழுத்தினால் டக்கென்று விடுபட்டு வண்டி பாயும். நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது ஒருமுறை அப்படிப் பாய்ந்து, முன்னால் நின்ற வண்டிக்கு ஒரு சாண் தூரத்தில் பிரேக் பிடித்து நிறுத்தினேன். வீட்டார் எல்லோரும் வண்டிக்குள் இருந்தார்கள். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. இறக்கத்தில் காலை எடுத்தாலும் இன்ஜின் வண்டியின் வேகத்தைப் பிடித்துக் குறைக்கவில்லை, பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டதே அந்தக் காருக்கான சர்வீஸ் கையேட்டைத்தான். இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, டிபிஎஸ் கப்ளரின் (ஒயர்கள் சென்சாரில் சேரும் இணைப்பு) பின்பக்கமாக மெல்லிய முள்ளை நுழைத்து, ஒயரின் தோலைக் குத்தாமல் மல்டிமீட்டரில் அளந்தார். இந்த மாதிரி சென்சாரில் பெரும்பாலும் மூன்று ஒயர்: ஒன்றில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மற்றது சிக்னல். த்ராட்டில் மூடியிருக்கும்போது சிக்னல் அரை வோல்ட் அளவிலும், முழுக்கத் திறந்தால் 4 வோல்ட்டுக்கு மேலும் இருப்பது வழக்கம். சரியான எண் காருக்குக் கார் மாறும். என் காருக்குக் கையேடு சொல்வது 0.45 முதல் 0.55 வரை. மீட்டர் காட்டியது 0.92.

0.92 என்றால், கால் பெடலில் இல்லாதபோதும் த்ராட்டில் கொஞ்சம் திறந்திருக்கிறது என்றே இசியூ (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் இன்ஜின் கணினி) நம்பும். ஏறி இறங்குவது ஏன் நின்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. உண்மையான கோளாறு, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே விரிசல் விட்டிருந்த ஒரு வேக்குவம் ஹோஸ். அது வழியாக, த்ராட்டிலைத் தொடாமலே திருட்டுக் காற்று போய் ஆர்பிஎம் ஏறியது. த்ராட்டில் மூடியிருந்தும் ஆர்பிஎம் அதிகமாக இருந்தால், வண்டி இறக்கத்தில் தானாக உருள்கிறது என்று எண்ணி இசியூ பெட்ரோலை நிறுத்தும். ஆர்பிஎம் இறங்கியதும் மறுபடி கொடுக்கும். மறுபடி ஏறும். சென்சாரைத் திருப்பியதும் "மூடியிருக்கிறது" என்ற தகவலே இசியூவுக்குப் போகவில்லை, அதனால் பெட்ரோலை நிறுத்தும் வேலையும் நடக்கவில்லை. நோய் அப்படியே இருக்க, அறிகுறியை மட்டும் மறைத்திருக்கிறார்கள். ஒரு முழ ஹோஸ் மாற்றியிருந்தால் முடிந்திருக்கும் வேலை இது.

அந்த ஸ்டாப் ஸ்குரூ ஐடிலிங்கைக் கூட்டிக் குறைக்க வைத்தது அல்ல. த்ராட்டில் தட்டு குழாயின் சுவரில் போய்ச் சிக்கிக்கொள்ளாமல் மயிரிழை முன்னால் நிறுத்துவதற்காக ஃபேக்டரியில் செட் செய்து பெயின்ட் வைத்தது. ஐடிலிங்குக்குத் தனிக் காற்று வழியும் அதற்கென்று வால்வும் இருக்கின்றன. கார்புரேட்டர் வண்டிகளில் ஐடிலிங்குக்கு ஸ்குரூ திருகிய பழக்கத்தில் இதைத் திருகினால் தட்டு சுவரைக் கவ்வும், பெடல் ஒட்டும். எனக்கு நடந்தது அதுதான்.

புது சென்சார் விஷயம் தற்செயலாகத்தான் தெரிந்தது. இரண்டு மாதம் முன்பு இன்ஜின் பகுதியைக் கழுவக் கொடுக்கும்போது சில படங்கள் எடுத்து வைத்திருந்தேன். அதில் சென்சாரின் கப்ளர் வாயில் ஒரு மூலை உடைந்திருந்தது. இப்போதும் அதே மூலை, அதே உடைப்பு. புதிதாக இருந்தது ஸ்குரூ தலைகளில் ஸ்டார் திருப்புளி வழுக்கி அரைத்த தழும்பு மட்டும்தான்.

பழைய கடைக்குப் போய் "கழற்றிய சென்சாரைக் கொடுங்கள்" என்று கேட்டேன். "குப்பைல போட்டுட்டோம் சார்" என்றார்கள். 0.92 பற்றிச் சொன்னதற்கு "வண்டி பழசு, அப்படித்தான் இருக்கும்" என்றார் முதலாளி. படத்தைக் காட்டிய பிறகு சென்சார் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கூலியையும் டியூனிங் பணத்தையும் தரவில்லை. பெடல் ஒட்டியதற்கு ஒரு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

இரண்டாவது மெக்கானிக் செய்த வரிசையைச் சொல்கிறேன், உங்கள் கண்முன் நடக்கும் வேலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலில் ஹோஸை மாற்றினார். த்ராட்டில் பாடியில் தட்டைச் சுற்றிப் படிந்த கரியைத் துடைத்தார். ஆக்சிலரேட்டர் கேபிள் இழுத்துப் பிடிக்காமல் சற்றுத் தொய்வாக இருக்கிறதா என்று பார்த்தார், கேபிள் இறுகியிருந்தால் எந்த அளவும் பொய்தான். ஸ்டாப் ஸ்குரூவைக் கையேட்டில் உள்ளபடி, தட்டு சிக்காமல் மூடும் இடத்துக்குக் கொண்டுவந்து புதிதாகப் பெயின்ட் வைத்தார். இது முடிந்த பிறகுதான் டிபிஎஸ்ஸைத் தொட்டார். ஸ்டாப் ஸ்குரூ நகர்ந்தால் டிபிஎஸ் அளவும் நகரும், முன்பின்னாகச் செய்தால் இரண்டு வேலை. மீட்டரைப் பார்த்தபடியே திருப்பி 0.50-ல் இறுக்கினார். இறுக்கும்போது எண் நகரும் என்று ஒருமுறை பெடலை முழுக்க மிதித்து விட்டு மறுபடி அளந்தார். அப்புறம் முள் மீட்டர் ஒன்றை வைத்து த்ராட்டிலை மிக மெதுவாகத் திறந்தார். முள் தடுமாறாமல் ஏறியது. நடுவில் துள்ளினாலோ விழுந்தாலோ சென்சாரின் உள்பாதை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அதை எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாகாது, மாற்றத்தான் வேண்டும். எனக்கு மாற்றவே தேவை இருக்கவில்லை.

சில பழைய கார்களில் வோல்ட் கணக்குக் கிடையாது. த்ராட்டில் மூடியிருப்பதைச் சொல்லும் ஐடில் காண்டாக்ட் உள்ள சுவிட்சாக இருக்கும், அதை ஸ்டாப் ஸ்குரூவுக்கும் லீவருக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) வைத்து செட் செய்வார்கள். இன்னும் சிலவற்றில் ஸ்குரூ துளை நீள்வட்டமாக இல்லாமல் வட்டமாகவே இருக்கும், அவை திருப்பி செட் பண்ணுகிற வகையே அல்ல. அந்தத் துளையை அரத்தால் ராவிப் பெரிதாக்கித் திருப்புகிறவர்களும் உண்டு. அரத்தை எடுத்தால் அங்கேயே தடுத்துவிடுங்கள்.

வண்டியை விடும் முன் சென்சாரையும் ஸ்டாப் ஸ்குரூவையும் கிட்டத்தில் படம் எடுங்கள். சென்சாரும் பாடியும் சேரும் இடத்தில் ஒரு கோடு கிழித்து வையுங்கள். திருப்பும் முன் எத்தனை வோல்ட், பின் எத்தனை வோல்ட் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய உதிரிபாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். வோல்ட்டைப் பற்றிக் கேட்டதும் முகம் சுளித்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.