சிம்மன்ஸ், ஹாமில்டன்: எங்கும் ஆடுபவரை டிராஃப்டில் எப்படி எடைபோடுவது?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நெருங்கினாலே, "இவரை எங்கே நிறுத்தினாலும் ஆடுவார்" என்று யாராவது ஒரு கல்லூரி வீரரைப் பற்றிப் பேச்சு கிளம்பும். அந்தப் பாராட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரிய இரண்டு பேரை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். ஒருவர் 2020-இல் கிளெம்சன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஐசையா சிம்மன்ஸ். மற்றவர் 2022-இல் நோட்டர் டேமிலிருந்து வந்த கைல் ஹாமில்டன்.

இருவருமே தடுப்பு வீரர்கள், ஏறக்குறைய 6 அடி 4 அங்குல உயரம். மற்ற அளவுகளில் சிம்மன்ஸ்தான் மேலே. 238 பவுண்டு எடையை வைத்துக்கொண்டு டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் முகாமான காம்பைனில் 40 கஜத்தை 4.39 விநாடியில் ஓடினார். 220 பவுண்டு ஹாமில்டனுக்கு 4.59 ஆனது. தடுப்பின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டிக்கு இந்த வேகம் போதாது என்று பலர் சொன்னார்கள். சிம்மன்ஸை 8ஆவது தேர்வாக அரிசோனா எடுத்தது. ஹாமில்டன் 14ஆவது இடம் வரை இறங்கிவந்து பால்டிமோரிடம் சேர்ந்தார்.

கல்லூரி ஆட்டத்தைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். சிம்மன்ஸ் 2019-இல் லைன்பேக்கர் (தடுப்பின் நடு வரிசை), ஸ்லாட் கார்னர் (உள்பக்கம் நின்று, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரை மறிப்பவர்), சேஃப்டி, எட்ஜ் (முன்வரிசையின் ஓரத்திலிருந்து பாய்பவர்) என நான்கு இடங்களில் ஆடினார். சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருதும் அவருக்கே. உங்கள் இடம் எது என்று காம்பைனில் கேட்டதற்கு, 'டிஃபென்ஸ்' என்று பதில் சொன்னார். அன்று எல்லோரும் ரசித்த பதில் அது. எனக்கோ அதில்தான் சிக்கலே தெரிகிறது. கிளெம்சனில் தடுப்புப் பயிற்சியாளர் பிரெண்ட் வெனபிள்ஸ் வாரத்துக்கு வாரம் எதிரணியைப் பார்த்து அவருக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். எந்த ஒரு வேலையும் அவர் உடம்பில் ஊறவில்லை.

ஹாமில்டனோ முதலில் சேஃப்டி, மற்றதெல்லாம் அப்புறம்தான். 2021 சீசனின் முதல் போட்டியில், புளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக அவர் பிடித்த ஒரு பந்து போதும். மைதானத்தின் மறுபாதியில் நின்றவர், பந்தெறியும் வீரரான குவார்ட்டர்பேக் எறியப்போவதைப் படித்துவிட்டுக் குறுக்கே ஓடி, எல்லைக்கோட்டருகே ரிசீவருக்கு முன்னால் பந்தைப் பறித்தார். நிறுத்தக் கடிகாரத்தில் இது பதிவாகாது. ஒரே இடத்திலிருந்து ஆட்டத்தை ஆயிரம் தடவை பார்த்த கண்ணுக்கு வரும் வேகம் இது.

தொழில்முறைக்கு வந்த பிறகு, சிம்மன்ஸை அரிசோனா நடுக்கள லைன்பேக்கராக்கியது. முதல் போட்டியிலேயே சான் ஃபிரான்சிஸ்கோவின் ரஹீம் மோஸ்டர்ட் அவரைக் கடந்துபோய் 76 கஜ டச்டவுன் (இறுதிக்கோட்டைக் கடந்து பெறும் புள்ளிகள்) அடித்தார். அந்த ஆண்டு கொரோனாவால் முன்னோட்டப் போட்டிகளே நடக்கவில்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சியாட்டிலுக்கு எதிரான கூடுதல் நேரத்தில் ரசல் வில்சனின் பந்தைப் பிடித்து வெற்றிக்கு வழி செய்தவரும் அவரே. திறமையில் குறையில்லை. ஆனால் லைன்பேக்கர், ஸ்லாட், சேஃப்டி என்று இடம் மாறிக்கொண்டே இருந்தது. 2023 ஆகஸ்டில் டிராஃப்டின் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றுத் தேர்வு ஒன்றுக்கு அவரை நியூயார்க் ஜயன்ட்ஸிடம் கொடுத்துவிட்டார்கள்.

ஹாமில்டனின் தொடக்கமும் சுகமாக இல்லை. மயாமியிடம் 42-38 என்று தோற்ற போட்டியில் பால்டிமோரின் பின்வரிசையே சிதறியது. அவரும் திட்டு வாங்கினார். பிறகு அணி அவருக்கு ஸ்லாட்டை ஒட்டிய வேலையைக் கொடுத்து, அது பழகிய பின் மற்றதைச் சேர்த்தது. 2023-இல் இண்டியானாபொலிஸுக்கு எதிராக ஒரே போட்டியில் மூன்று சாக், அதாவது பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது. அந்த ஆண்டே ஆண்டின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ப்ரோ முதல் அணியிலும் இடம்பிடித்தார்.

ஆகவே, நான் ஒரு வீரரை எடைபோட்டால் முதலில் கேட்பது, மற்ற எல்லா வேலையையும் பிடுங்கிவிட்டாலும் எந்த ஒரு இடத்தில் இவர் தொடக்க வீரராக நிற்பார் என்பதே. அடுத்தது, எடுக்கும் அணியின் பயிற்சியாளரிடம் அவருக்கென்று ஒரு வேலை இப்போதே தயாரா என்பது. 40 கஜ ஓட்டம் அதற்குப் பிறகுதான்.

2025-இல், தடுப்பில் கார்னராகவும் தாக்குதலில் ரிசீவராகவும் ஆடிய கொலராடோவின் டிராவிஸ் ஹன்டரை எடுக்க, ஜாக்சன்வில் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து 2ஆவது இடத்துக்கு ஏறியது. நானாக இருந்தால் அவர் பெயருக்கு நேரே கார்னர் என்றுதான் எழுதியிருப்பேன். முதல் ஆண்டில் ரிசீவராக ஒரு போட்டிக்குப் பத்துப் பதினைந்து ஸ்நாப் (ஆட்டத் துண்டு), அதற்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன்.