நேர்ப்பட்டைக் குழலா, இடை சிறுத்த குழலா? ஒரு கல்துப்பாக்கிக்கான அலசல்

அக்கா மகன் பென்சில்வேனியாவில் இருக்கிறான். சக்கிமுக்கிக் கல் பொறியில் வெடிக்கும் பழைய பாணி நீளத் துப்பாக்கி ஒன்றைத் தன் கையாலேயே செய்துகொண்டிருக்கிறான். மேப்பிள் மரத்தில் கட்டை இழைத்தாகிவிட்டது, கல்லை அடிக்கும் விசையமைப்பு வாங்கியாகிவிட்டது. குழல் மட்டும்தான் பாக்கி. ஆடிச் சாரலில் ஊருக்கு வந்தவன் வடசேரியில் என் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து, மூன்று குழல்களின் அளவு எழுதிய தாளை நீட்டினான்.

"மாமா, நீங்க ஆயுசு முழுக்க குழலுக்குள்ள பாத்தவரு. இதுல எது குண்ட நேரா கொண்டு போவும்?"

நான் துப்பாக்கிக்காரன் இல்லை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் விசைப்படகு எஞ்சின்களில் பிஸ்டன் ஓடும் லைனர் குழாய்களின் துளையைக் கடைந்து (போர்), உள்ளே தேய்த்து மெருகேற்றிக் (ஹோனிங்) கொடுப்பதுதான் 31 வருட வேலை. ஒரு துளை மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்கிறதா, எங்கே வாய் விரிந்திருக்கிறது, எங்கே கோணியிருக்கிறது என்று பார்ப்பது கைக்குப் பழகியது. துப்பாக்கிக் குழலிலும் பாதி விஷயம் அதுதான் என்பது அவனோடு பேசப் பேசப் புரிந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் இதைச் செய்து பார்க்க முடியாது. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும், செய்வதற்கும் வேண்டும். அங்கே மத்திய அரசுச் சட்டம் இதைப் பழம்பொருள் கணக்கில் வைத்திருக்கிறது, மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். அவனால் குழலைத் தபாலில் வரவழைக்க முடியும். என் பங்கு தாளும் பேச்சும் மட்டுமே.

தாளில் இருந்தவை இவை. முதலாவது, நேரான எட்டுப்பட்டைக் குழல்: 50 கேலிபர் (அதாவது அரை இஞ்ச் துளை), 42 இஞ்ச் நீளம், பட்டைக்குப் பட்டை 15/16 இஞ்ச், உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் முறுக்கு வரிகள், அவை சதுரப் பள்ளம், 70 இஞ்சுக்கு ஒரு சுற்று, பட்டன் முறையில் வரி போட்டது. இரண்டாவதும் அதே கேலிபர், அதே நீளம். ஆனால் அடியில் தடித்து, நடுவில் சிறுத்து, வாயில் மறுபடி லேசாக விரிந்தது. உடுக்கையை இழுத்து நீட்டியதுபோல் ஒரு வடிவம். வட்ட அடிப் பள்ளம், 66 இஞ்சுக்கு ஒரு சுற்று, கத்தியால் வெட்டிய வரி. மூன்றாவது, 48 இஞ்சுக்கு ஒரு சுற்றும் ஆழம் குறைந்த பள்ளமும் கொண்ட குட்டையான குழல். மூன்றிலும் விலை குறைந்தது அதுதான்.

வரியே இல்லாத வழுவழுப்பான குழல் ஏன் வேண்டாம் என்றும் கேட்டான். 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படையும் டச்சுக்காரர்களும் மோதிய காலத்தில் படைகள் தூக்கியவை பெரும்பாலும் வழுவழுப்பான குழல்களே. கூட்டமாக நின்று கூட்டத்தை நோக்கிச் சுட அது போதும், ஒற்றைக் குறிக்குப் போதாது. காரணத்தை அடுத்த வருடமே, 1742-ல், பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தார். குண்டு குழலின் ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு வெளியேறும்போது தன்னிச்சையாக ஒரு சுழற்சியை வாங்கிக்கொள்கிறது. அந்தச் சுழற்சி அதைக் காற்றில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிறது. சுழல் பந்து காற்றிலேயே விலகுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. (அந்த ராபின்ஸ் பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரராக நம் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்து 1751-ல் அங்கேயே இறந்துபோனார். இதைச் சொன்னதும் மருமகன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.)

சரி, வரியின் முறுக்குக்கு வருவோம். உருண்டைக் குண்டுக்கு மூக்கும் இல்லை, வாலும் இல்லை. நீளத் தோட்டாபோல் குப்புற விழ அதற்கு வழியில்லை. அப்புறம் சுழற்சி எதற்கு? வார்த்த ஈயக் குண்டு எதுவும் முழு உருண்டையாக இருப்பதில்லை. வார்ப்பு வாயின் தழும்பு இருக்கும், உள்ளே சின்னக் காற்றுக்குமிழி இருக்கலாம். போகும் திசையையே அச்சாக வைத்துக் குண்டு சுழன்றால் அந்தக் குறை எல்லாப் பக்கமும் சமமாகப் பகிர்ந்துவிடும். அதற்கு மெதுவான முறுக்கே போதும். 1879-ல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித மேதை நீளத் தோட்டாக்களுக்கு வகுத்த கணக்கை, நீளமும் விட்டமும் ஒன்றே என்று வைத்து உருண்டைக்குப் போட்டால், விட்டத்தைப்போல் 150 மடங்கு நீளத்துக்கு ஒரு சுற்று வரும். அரை இஞ்ச் குண்டுக்கு 75 இஞ்ச். தாளில் இருந்த 70-உம் 66-உம் அதை ஒட்டித்தான் நிற்கின்றன. 66 இஞ்ச் முறுக்கில், நொடிக்கு 1800 அடி வேகத்தில் வெளியேறும் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 327 முறை சுழலும். இந்த இரண்டில் எது மேல் என்று மண்டையை உடைக்கத் தேவையில்லை. 4 இஞ்ச் வித்தியாசம் குறியில் தெரியாது.

மூன்றாவது குழல் இங்கேயே பின்தங்குகிறது. 48 என்ற எண்ணை நான் குறை சொல்லவில்லை, ஹாக்கன் என்ற பழைய அமெரிக்க வேட்டைத் துப்பாக்கிகளில் அந்த முறுக்கில் உருண்டைக் குண்டு நன்றாகவே போயிருக்கிறது. ஆனால் அவற்றின் பள்ளம் ஆழமானது. 1970-ல் தாம்சன் சென்டர் கம்பெனி கொண்டுவந்த ஹாக்கன் மாடலுக்குப் பிறகு பரவிய 48 முறுக்குக் குழல்கள் நீளத் தோட்டா, உருண்டை இரண்டுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஆழத்தைக் குறைத்தவை. துணி சுற்றிய குண்டை அந்த மேலோட்டமான வரியால் இறுகப் பிடிக்க முடியாது. மருந்து கொஞ்சம் கூடினால் குண்டு வரியைத் தாண்டி வழுக்கும். அளவான மருந்தில் சுடுபவருக்கு அது பழுதில்லாத குழல். இவனோ கிறிஸ்துமஸ் முடிந்து வரும் மான் வேட்டைப் பருவத்துக்கும் இதையே தூக்கப் போகிறான். பென்சில்வேனியாவில் கல்துப்பாக்கிக்கென்றே 1974 முதல் தனிப் பருவம் உண்டு. கேலிபர் 44-க்குக் குறையக் கூடாது என்று விதி. 45-இல் குண்டு 8.3 கிராம், 50-இல் 11.5, 54-இல் 14.5. நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டோம், அதில் வாக்குவாதமே இல்லை.

இனி பள்ளத்தின் வடிவம். இணையத்தில் இதற்குத்தான் பெரிய சண்டை நடக்கிறது என்றான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஆயிரத்தில் ஒரு பங்கு இஞ்சைப் பட்டறையில் தௌ என்போம். குழலின் மேட்டளவு (பள்ளங்களுக்கு நடுவே உள்ள மேட்டில் எடுத்த துளை விட்டம்) 500 தௌ, குண்டு 490, அதைச் சுற்றும் துணி 18. சதுரப் பள்ளம் 10 தௌ ஆழம் என்றால் குண்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே 15 தௌ இடைவெளி. 18 தௌ துணி அதை அடைத்துக்கொள்ளும், வாயு கசியாது. வட்டப் பள்ளம் நடு அடியில் 16 தௌ ஆழம். அங்கே இடைவெளி 21 தௌ, அதே துணி அதற்குப் போதாது. 495 குண்டு போட்டால் இடைவெளி 18½ தௌ ஆகும், 20 தௌ துணியில் சரியாக உட்காரும். ஆக, எந்தப் பள்ளமானாலும் குண்டும் துணியும் அதற்கேற்ப அமைந்தால் அடைப்பு கிடைத்துவிடும். வட்டப் பள்ளத்துக்கு ஒரே ஒரு மெய்யான லாபம், மூலை இல்லாததால் மருந்துக் கரி எளிதில் துடைபடும். இதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்றேன்.

வரி போட்ட முறைக்கு வந்தபோதுதான் எனக்குப் பேச்சு பெருகியது. பட்டன் முறையில் உலோகத்தை வெட்டுவதில்லை. வரியின் அச்சு பொறித்த கார்பைடு குமிழ் ஒன்றைத் துளைக்குள் தள்ளியோ இழுத்தோ, எஃகை ஒதுக்கி வரி உண்டாக்குகிறார்கள். உள்ளே கண்ணாடிபோல் இருக்கும், அளவும் துல்லியம். ஆனால் ஒதுங்கிய எஃகு உள்ளுக்குள் இறுக்கத்தோடு நிற்கும். அந்த இறுக்கம் என்ன செய்யும் என்று நான் பட்டு அறிந்தவன். பல வருடம் முன்பு ஒரு படகுக்காரருக்குப் பிரைட் பாரில், அதாவது குளிர்நிலையில் இழுத்த கம்பியில், ஷாஃப்ட் செய்தேன். கோணலை அளக்கும் டயல் வைத்துப் பார்த்தபோது ஊசி அசையவில்லை. கீ-வே என்ற நீளக் காடியை ஒரு பக்கம் வெட்டி எடுத்து மறுபடி டயல் வைத்தால் ஷாஃப்ட் வில்லாக வளைந்திருந்தது. குளிர்நிலையில் இழுத்த கம்பியின் மேல்தோல் இறுக்கமாக இருக்கும், ஒரு பக்கம் மட்டும் அதைக் கீறினால் மறுபக்கம் இழுத்துக்கொள்ளும். அந்தக் கம்பி வீண், இரண்டு நாள் கூலியும் போனது.

குழலிலும் அதே கதைதான். பட்டன் போட்ட பிறகு வெளியே உலோகத்தைச் சீவினால் உள்ளே துளை விரியும். நேர்ப்பட்டைக் குழலில் நீளம் முழுக்க ஒரே அளவு சீவுகிறார்கள், விரிந்தாலும் சமமாக விரியும். சூடேற்றி இறுக்கத்தை நீக்கியிருந்தால் அதுவும் இருக்காது. இடை சிறுத்த குழலில் அடியில் கொஞ்சம், நடுவில் நிறைய, வாயில் நடுத்தரமாகச் சீவ வேண்டும். இறுக்கம் நீக்காத பட்டன் குழலை அப்படிச் சீவினால் நடுவில் துளை அகலும். இறுகிப் போன குண்டு நடுவில் தளர்ந்து வாயில் மறுபடி இறுகும். கொக்கிபோன்ற கத்தியை ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தௌவில் சிறு பங்காகச் செலுத்தி வெட்டிய வரியில் இந்த ஆபத்து மிகக் குறைவு, அது எஃகை நசுக்குவதே இல்லை. 18-ஆம் நூற்றாண்டுப் பென்சில்வேனியாக் கொல்லர்கள் மரத்தில் செய்த வழிகாட்டி உருளையைக் கையால் இழுத்து வெட்டியதும் இந்த முறைதான்.

"மக்கா, வெளி வடிவத்த ஒரு கடையிலயும் உள்வரிய வேற கடையிலயும் வெலை கேக்குற மாதிரி பாக்காத" என்றேன். நேர்ப்பட்டை என்றால் பட்டன் வரி தாராளமாக எடுக்கலாம். இடை சிறுத்தது வேண்டுமென்றால் வெட்டிய வரி எடு. அதுவே பட்டன் என்றால் இறுக்கம் எப்போது நீக்கினார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கு. அவன் தாளில் இருந்த முதல் இரண்டும் இந்த வகையில் சரியான ஜோடிகளே.

அப்படியானால் இரண்டும் சமமா? மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டால் சமம் என்றே சொல்வேன், ஒருவேளை கனமான முதலாவது ஒரு படி மேலே நிற்கும். அதன் கனத்தைக் கணக்கிட்டோம்: 15/16 இஞ்ச் பட்டை, 42 இஞ்ச் நீளம், அரை இஞ்ச் துளை, குழல் மட்டும் 2.87 கிலோ. ஒரு இஞ்ச் பட்டையானால் 3.4 கிலோ. அந்தக் கனத்தின் நடுப்புள்ளி அடியிலிருந்து 21 இஞ்ச் தள்ளி நிற்கிறது. நின்றுகொண்டு நீட்டிப் பிடிப்பவனின் இடது கையை அது கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். இடை சிறுத்ததில் மொத்தக் கனமும் குறைவு, இருப்பதில் பெரும்பகுதி அடியில் கிடக்கிறது. வாயில் விட்டுவைத்த அந்தச் சின்ன விரிவு முனையை அலையவிடாமல் பிடித்துக்கொள்ளும். முன்குறியைப் பதிக்கவும் அங்கே சதை இருக்கும். கல்துப்பாக்கியில் விசையை இழுத்த பிறகு பொறி விழுந்து, கிண்ணத்து மருந்து பற்றி, துளை வழியே உள்ளே போகும்வரை கை அசையாமல் இருக்க வேண்டும். அந்த ஒரு கணத்துக்கு உதவுகிற குழல் எதுவோ அதுதான் இவனுக்குத் துல்லியமான குழல். இவன் சுடுவது 50 கஜத்தில், நின்றபடி. வேட்டைக்குப் போனால் பனியில் நாள் முழுக்கத் தூக்கி நடக்க வேண்டும். அதனால் என் வாக்கு இரண்டாவதற்கு.

அதன் குறையையும் சொன்னேன். விலை கூட, காத்திருப்பும் கூட. அவன் காட்டிய வரைபடத்தில் இடை முக்கால் இஞ்ச். பள்ளத்தின் அடியைக் கழித்தால் சுவர் 2.8 மில்லிமீட்டர்தான். கட்டையோடு பிணைக்கும் காதுகளுக்கும் குறிக்கும் அங்கே காடி வெட்டும்போது அரத்தை ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தாலும் தப்பு. காடியை முடிந்தவரை இடைக்கு வெளியே தள்ளு, ஆழத்தை அளந்து அளந்து இறங்கு என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். எஃகைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஈயம் கலந்த 12எல்14 ரக எஃகு வெட்டுவதற்கு வெண்ணெய்போல் இருக்கும், அங்கே பலர் அதில்தான் செய்கிறார்கள். நானாக இருந்தால் 1137 அல்லது 4140 ரகம் கேட்பேன்.

துணிக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று அக்கா இடையில் புகுந்து கேட்டாள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பென்சில்வேனியாப் பனியில் கல்லாகிவிடும். கோடையில் தாராளமாகத் தடவலாம்.

குழல் வந்ததும் கட்டையில் பொருத்துவதற்கு முன், குழலின் அடியை மூடும் திருகு (அடிமரை) கழன்றிருக்கும்போதே, ஒரு சோதனை செய்யச் சொல்லியிருந்தேன். துளையைவிடச் சற்றே பெரிய மென்னீயக் குண்டை எண்ணெய் தடவி வாயில் தட்டி இறக்கி, கம்பியால் மெதுவாக, நிறுத்தாமல் அடிவரை தள்ளிப் பார்க்க வேண்டும். துளை அளக்கும் போர் கேஜ் இல்லாதவனுக்கு அவன் உள்ளங்கைதான் போர் கேஜ். எங்கேயாவது சட்டென்று தளர்ந்தால் திருப்பி அனுப்பு, எங்கேயாவது இறுகினால் ஈயக்கட்டியும் சாணை மாவும் வைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம், வாய்ப்பக்கம் சற்றே இறுகினால் அது நல்லது.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில் வீடியோவில் கூப்பிட்டான். போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, குழலைப் பிடியில் இறுக்கி, கம்பியைத் தள்ளினான். நான் அவன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஒரு சாண் கொஞ்சம் அழுத்தம், அப்புறம் கடைசிவரை ஒரே சீர். தோள் எங்கேயும் குலுங்கவில்லை. குண்டு அடிப்பக்கமாக வெளியே வந்து தட்டில் விழுந்தது. அதில் ஏழு வரியும் ஒன்றுபோல் பதிந்திருந்ததை போனுக்கு அருகே கொண்டுவந்து சுற்றிச் சுற்றிக் காட்டினான்.