வால்ஸ் மொழி அட்லஸ்: எந்த மொழி சிக்கலானது என்று அளக்க இது எவ்வளவு உதவும்?

தமிழ்தான் உலகிலேயே சிக்கலான மொழி, இல்லை சீனம்தான், இல்லவே இல்லை ஹங்கேரியன்தான் என்று இணையத்தில் அடிக்கடி சண்டை நடக்கிறது. எதை வைத்து அளந்தோம் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அந்தச் சண்டையில் இறங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் வால்ஸ். வேர்ல்டு அட்லஸ் ஆஃப் லாங்குவேஜ் ஸ்ட்ரக்சர்ஸ் என்பது முழுப்பெயர், உலக மொழிகளின் அமைப்பைக் காட்டும் வரைபடத் தொகுப்பு. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில் உருவானது, 2005இல் பெரிய புத்தகமாக வந்தது, 2008இல் இணையத்துக்கு வந்தது. கட்டணம் எதுவும் கிடையாது, தரவு முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம்.

உள்ளே 192 கூறுகள் (ஒலி, வேற்றுமை, பால், சொல்வரிசை போன்ற மொழிப் பண்புகள்), 2,662 மொழிகள். ஒவ்வொரு கூறுக்கும் ஓர் உலக வரைபடம், அதில் மொழிக்கொரு வண்ணப் புள்ளி. புள்ளியைத் தட்டினால் மொழியின் பெயரும், அந்தத் தகவல் எந்த இலக்கண நூலிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் கிடைக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வரைபடத்தோடு வரும் கட்டுரைதான். எதை எண்ணினோம், எதை விட்டோம், ஏன் விட்டோம் என்று அந்தக் கூறில் தேர்ந்த ஒருவரே எழுதியிருப்பார். அதைப் படிக்காமல் புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதி வேலைதான்.

உதாரணத்துக்கு வேற்றுமை உருபு பற்றிய 49ஆம் அத்தியாயம். அதில் எடுத்துக்கொண்ட 261 மொழிகளில் 100 மொழிகளுக்கு வேற்றுமை உருபே இல்லை. மறுகோடியில் ஹங்கேரியனுக்கு 21. சரி, அப்படியானால் ஹங்கேரியன்தான் கடினம் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. ஹங்கேரிய உருபுகள் பெரும்பாலும் பெயரின் பின்னால் ஒழுங்காக வந்து ஒட்டிக்கொள்ளும், உயிர் ஒலிக்கு ஏற்ப வடிவம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ரஷ்ய மொழியில் வேற்றுமைகளின் எண்ணிக்கை இதைவிட மிகக் குறைவு, ஆனால் ஒரே வேற்றுமைக்குப் பெயரின் வகையைப் பொறுத்து வேறு வேறு விகுதிகள். எண்ணிக்கை ஒன்று, அதைச் சுமக்கும் பாரம் வேறொன்று. தமிழிலேயே பாருங்கள், 'வீட்டிலிருந்து' என்பதில் 'இருந்து' உருபா, தனிச்சொல்லா? எங்கே கோடு போடுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கையே மாறிவிடும். நம் இலக்கணம் எட்டு வேற்றுமை என்று சொல்கிறது, அதில் எழுவாய்க்கு உருபு கிடையாது, விளியையும் இன்றைய மொழியியலாளர்கள் பலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பால் பற்றிய அத்தியாயங்கள் (30, 31, 32) இன்னும் நல்ல பாடம். 257 மொழிகளைப் பார்த்திருக்கிறார்கள், 145இல் பால் பாகுபாடே இல்லை. ஜெர்மனுக்கு மூன்று பால். தமிழ் ஒருமையிலும் ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என்று மூன்று. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமல்லாத மூன்றாவது பால், பொருளைப் பார்த்து இதை யாராலும் ஊகிக்க முடியாது, ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்ய வேண்டும். தமிழில் பொருள் தெரிந்தால் பால் தானே தெரிந்துவிடும். இந்த வித்தியாசத்தைப் பிடிப்பதற்கென்றே 32ஆம் அத்தியாயம் இருக்கிறது, பால் பொருளால் முடிவாகிறதா, சொல்லின் வடிவமும் சேர்ந்து முடிவு செய்கிறதா என்று அது பிரித்துக் காட்டுகிறது. 30ஐ மட்டும் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

குறைகளும் உண்டு, அவை சின்னவை இல்லை. முதலாவது, காலியான கட்டங்கள். 2,662 மொழிகளும் 192 கூறுகளும் சேர்ந்த பெரிய அட்டவணையில் ஆறில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை. பல மொழிகளுக்கு ஒன்றிரண்டு கூறுகள்தான் தெரியும், எனவே இரண்டு மொழிகளை எடுத்து முழுசாக ஒப்பிடலாம் என்று உட்கார்ந்தால் பொதுவான கூறுகள் சொற்பமாகவே கிடைக்கலாம். இரண்டாவது, வகைகள் ரொம்பப் பரந்தவை. மெய்யொலி வரைபடத்தில் 34ம் அதற்கு மேலும் உள்ளவை எல்லாம் ஒரே வண்ணம். போட்ஸ்வானாவில் பேசப்படும் ஒரு கிளிக் மொழிக்கு (நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் கொண்ட மொழி) 122 மெய்யொலிகள் என்று அதே கட்டுரை சொல்கிறது, அதுவும் 34 உள்ள மொழியும் வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி நிற்கும். மூன்றாவது, பெரும்பாலான கூறுகள் அதிகம் குறைவு என்பதையே சொல்வதில்லை. வினை கடைசியில் வருகிறதா நடுவில் வருகிறதா என்பதில் எது சிக்கல்? ஆகவே சிக்கலை அளக்க நினைப்பவர் தானே கூறுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் தேர்விலேயே பாதி முடிவு அடங்கிவிடுகிறது.

இதன் விளைவை நேரடியாகப் பார்க்க ஒரு வழக்கு இருக்கிறது. 2010இல் லூப்யன், டேல் என்ற இரு ஆய்வாளர்கள் வால்ஸ் தரவை வைத்து 2,000க்கும் மேற்பட்ட மொழிகளை ஆராய்ந்து, பேசுவோர் அதிகமுள்ள மொழிகளில் சொல்லின் விகுதி அமைப்பு எளிமையாக இருக்கிறது என்றார்கள். வெளியாட்கள் நிறையப் பேர் கற்றால் மொழி எளிதாகும் என்பது அவர்களுடைய விளக்கம். எனக்கு அப்போதே இதில் முழு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் கோடிக்கணக்கானோர் பேசும் தமிழும் துருக்கியும் 'வந்துகொண்டிருந்தார்களா' போன்ற நீளமான வினைகளை இன்றும் சாதாரணமாகக் கட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிரண்டு உதாரணம் ஒரு புள்ளிவிவரத்தை வீழ்த்தாது என்பது சரிதான். ஆனால் 2023இல் அதே லைப்சிக் நிறுவனத்தின் கிராம்பேங்க் என்ற புதிய தரவுத்தளத்தை வைத்து 1,314 மொழிகளை ஆராய்ந்தபோது, மொழிக் குடும்ப உறவையும் இட நெருக்கத்தையும் கணக்கில் சேர்த்ததும், அந்நியர் நிறைந்த சமூகங்கள் எளிய மொழி பேசுகின்றன என்ற முடிவு நிற்கவில்லை.

அப்படியானால் கிராம்பேங்க் போதுமே, வால்ஸ் எதற்கு? சிக்கலை எண்ணாக்கிக் கணக்குப் போட வேண்டும் என்றால் நானும் கிராம்பேங்கையே சொல்வேன். 2,467 மொழிகள், 195 கேள்விகள், பெரும்பாலும் ஆம், இல்லை என்று பதில், கட்டங்களும் நன்றாக நிரம்பியிருக்கின்றன. ஆனால் அதில் ஒலியமைப்பு இல்லை, படிக்க அத்தியாயங்களும் இல்லை. ஒரு கூறு என்றால் என்ன, அதை எண்ணுவது ஏன் கஷ்டம் என்று புரிந்துகொள்ள வால்ஸுக்கு ஈடாக இலவசமாக வேறெதுவும் எனக்குத் தெரியாது. இரண்டு கூறுகளை ஒரே வரைபடத்தில் சேர்த்துப் பார்க்கும் வசதியும் அருமை, அதைத் தவறவிட வேண்டாம்.

5க்கு 4 கொடுக்கிறேன், ஒரு மதிப்பெண் குறைந்தது அந்தக் காலிக் கட்டங்களுக்காக. மொழியியல் படிக்காதவர்கள் 39ஆம் அத்தியாயத்தில் தொடங்குங்கள். அது நாம், நாங்கள் என்ற பாகுபாடு உலகில் எங்கெல்லாம் இருக்கிறது என்பதைப் பற்றியது, நமக்குப் பழகிய விஷயம் என்பதால் வரைபடத்தைப் படிக்கும் முறை சீக்கிரம் பிடிபடும். அப்புறம் 30, 32, 49 என்று போகலாம்.