நாய்க்குத் தனிப் பணம் வாங்கினார்கள், வண்டியில் நாய்க்கு இடமில்லை: மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுக்கும் முன் படியுங்கள்

இங்கிலாந்தில் நாயையும் கூட்டிக்கொண்டு மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறையோடு வரும் வீட்டு வண்டி) கடற்கரை சுற்றலாம் என்று யோசிக்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். யார்க்ஷயரில் ஒரு வாடகை நிறுவனத்திடம் நாங்கள் பட்ட பாடு வேறு யாருக்கும் வேண்டாம்.

விளம்பரத்தில் இருந்தது இதுதான்: ஆறு பேர் படுக்கலாம், நாய்களுக்கு நல்வரவு. நாங்கள் நான்கு பேர், நானும் கணவரும் வளர்ந்த பிள்ளைகள் இருவரும். கூட மணி, ஜூலி என்று இரண்டு லாப்ரடார்கள். பதிவு செய்யும்போதே ஆள் எத்தனை, நாய் எத்தனை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிலோ என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தோம். நாய் ஒன்றுக்கு 60 பவுண்டு கூடுதல் கட்டணம் கேட்டார்கள். திரும்பி வந்த பிறகு செய்யும் சுத்தமும் அதில் அடக்கம் என்று மின்னஞ்சலில் உறுதி கொடுத்தார்கள். கட்டினோம். ஆயிரம் பவுண்டு முன்பிணைத் தொகையும் கிரெடிட் கார்டில் போனது.

வண்டி எடுக்கப் போன அன்றே முதல் சிக்கல். படுக்கை ஆறு, ஆனால் சீட் பெல்ட் உள்ள இருக்கை நான்குதான். நாங்கள் நால்வரும் உட்கார்ந்ததும் நாயின் பெல்ட்டை மாட்ட ஓர் இடம்கூட மிச்சமில்லை. ஓடும் வண்டியில் நாய் ஓட்டுநருக்கு இடைஞ்சல் தராதபடி கட்டியோ கூண்டில் வைத்தோ கொண்டுபோக வேண்டும் என்று இங்கிலாந்தின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோட் 57ஆம் விதி சொல்கிறது. கேட்டால், "தரையில் படுத்துக்கொள்ளும், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள்" என்றார் சாவி கொடுத்தவர். முழுப் பணமும் போயாகிவிட்டது. வேறு வண்டியும் இல்லை என்றார்கள். வண்டிக்குள் இருந்த மேஜைக் காலில் நாய்களின் வாரைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தண்ணீர்த் தொட்டியை அவர்களே விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தார்கள், நூறு லிட்டர்.

பிக்கரிங்கிலிருந்து கடலோர ஊரான விட்பிக்கு, மூர் என்ற திறந்த மேட்டுப் புதர்நிலத்தைக் கடந்து போகும் ஏ169 சாலையில், ஸ்லைட்ஸ் கிராமத்துக்கு இறங்கும் இடத்தில் புளூ பேங்க் என்று ஒரு செங்குத்து இறக்கம் உண்டு. சரிவு இருபது சதவீதம். பிரேக் பிடிக்காத வண்டிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்தில் சரளைப் பாதை போட்டிருக்கிறார்கள். கணவர் மேலேயே இரண்டாவது கியருக்கு மாற்றித்தான் இறக்கினார். அப்படியும் பாதி இறங்கும்போதே பிரேக் தீய்ந்த வாடை உள்ளே வந்துவிட்டது. பின்பக்கம் இழுத்துக்கொண்டு தள்ளுவது எனக்கே தெரிந்தது. மகள் இரண்டு நாய்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

மிடில்ஸ்பரோவில் இருக்கும் என் தம்பி லாரி கம்பெனியில் வேலை பார்க்கிறான். போனில் சொன்னதும், "அக்கா, முதல்ல எடைமேடையில ஏத்திப் பாருங்க, அப்புறம் மத்ததைப் பேசலாம்" என்றான். மறுநாள் அவன் சொன்ன இடத்தில் ஏற்றினோம். வண்டியின் தகட்டில் பொறித்திருந்த உச்ச எடை 3,500 கிலோ. மேடை காட்டியது 3,690. பின் அச்சு தாங்க வேண்டியது 2,000 கிலோ, அதன் மேல் இருந்ததோ 2,140. தண்ணீரை முழுக்கத் திறந்துவிட்ட பிறகும் மொத்தத்தில் தொண்ணூறு கிலோ அதிகம்.

எப்படி இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நிறைய வண்டிகளில் இதே கதைதான். 1997 ஜனவரி 1க்குப் பிறகு கார் ஓட்டும் தேர்வில் தேறியவர்கள், பெரிய வண்டிகளுக்கான சி1 என்ற தனித் தேர்வில் தேறாமல் 3,500 கிலோவுக்கு மேற்பட்ட பெட்ரோல், டீசல் மோட்டார்ஹோமை ஓட்ட முடியாது. வாடகைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வகை. அதனால் வண்டி எவ்வளவு நீளமாக இருந்தாலும் தகட்டில் 3,500 என்றே வாங்குகிறார்கள். வெறும் வண்டியே மூன்று டன்னைத் தாண்டிவிடும். அதன் மேல் வெயில்மறைப்பு, சோலார் பலகை, சைக்கிள் தாங்கி, இரண்டாவது பேட்டரி என்று நிறுவனம் பொருத்தும் ஒவ்வொன்றும் நாம் ஏற்றக்கூடிய எடையிலிருந்துதான் கழியும். தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும் எண், இதெல்லாம் பொருத்துவதற்கு முந்தையது. ஆறு படுக்கை என்று விற்கும் வண்டியில் நான்கு பெரியவர்களும் இரண்டு நாய்களும் துணிமணியும் ஏறினாலே கணக்கு முடிந்துவிடுகிறது. இது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை, தினமும் செய்கிற தொழில்.

சாலையில் அதிகாரிகள் நிறுத்தி எடை போட்டால் அபராதம் ஓட்டுகிறவர் தலையில்தான் விழும். எவ்வளவு அதிகம் என்பதைப் பொறுத்து 100 முதல் 300 பவுண்டு வரை, மிகவும் மிஞ்சினால் நீதிமன்றம். விபத்து ஆனால் காப்பீட்டுக்காரர்களும் இதைப் பிடித்துக்கொள்ளலாம்.

நிறுவனத்துக்குப் போன் செய்தேன். கொஞ்சமும் பதறவில்லை. தண்ணீர் இல்லாமல் ஓட்டுங்கள், பைகளை முன்பக்கம் நகர்த்துங்கள் என்றார்கள். மாற்று வண்டி கேட்டதற்கு ஆகஸ்டில் எதுவும் காலி இல்லையாம். கடைசியில் தம்பிதான் காரில் வந்து, பெட்டிகளையும் அவர்கள் ஏற்றிவிட்டிருந்த நாற்காலி மேஜைகளையும் எடுத்துப்போனான். ஜூலியையும் அவன் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் நார்தம்பர்லாந்து போனோம். பாம்பரோ கடற்கரை கோட்டைக்குக் கீழே மைல் கணக்கில் விரிந்து கிடக்கிறது, கோடையிலும் நாயை விடுகிறார்கள். மணி தனியாக ஓடியதைப் பார்க்கத்தான் மனது வரவில்லை.

வண்டியோடு அவர்கள் கொடுத்த "நாய்களுக்கான கடற்கரைகள்" பட்டியலையும் நம்ப வேண்டாம். அதிலிருந்த ஓரிடத்தில் போய் இறங்கினால், கோடையில் நாய் கூடாது, மீறினால் அபராதம் என்று அந்த ஊர் நிர்வாகமான கவுன்சில் பலகை வைத்திருந்தது. இங்கிலாந்தில் பல கடற்கரைகளில் மே முதல் செப்டம்பர் வரை இந்தத் தடை உண்டு. சில இடங்களில் கடற்கரையின் ஒரு பகுதிக்கு மட்டும், சில இடங்களில் பகல் நேரத்துக்கு மட்டும். அந்தந்தக் கவுன்சிலின் தளத்தில் பார்ப்பதே சரி.

வண்டியைப் பெருக்கித் துடைத்துத்தான் திருப்பிக் கொடுத்தோம். முன்பிணைத் தொகை வந்தபோது 350 பவுண்டு குறைந்திருந்தது. காரணம்: நாய் வாடை, சிறப்புச் சுத்தம். எதற்கு 120 பவுண்டு தனியாகக் கட்டினோமோ அதற்கே இன்னொரு தடவை. அவர்களுடைய பழைய மின்னஞ்சலை எடுத்து அனுப்பினேன். இரண்டு வாரம் பதிலே இல்லை. அப்புறம், வாடை என்பது "சுத்தத்தில் சேராது" என்று ஒரு வரி வந்தது. படித்ததும் உடம்பெல்லாம் கொதித்தது.

அதோடு அவர்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டு வங்கிக்கு எழுதினேன். கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டு வரையுள்ள ஒன்றை வாங்கியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவின்படி விற்றவரைப் போலவே வங்கிக்கும் பொறுப்பு உண்டு. மின்னஞ்சல், வண்டியை எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் மகன் எடுத்த வீடியோ, எடைமேடைச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்தேன். 350 பவுண்டு திரும்பி வந்தது. நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் கட்டினால் தள்ளுபடி என்று யாராவது ஆசை காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், இந்தப் பாதுகாப்பு அதில் கிடையாது.

ஏற்ற முடியாத வண்டியைத் தந்ததற்காக வாடகையில் பாதியைத் தனியாகக் கேட்டிருக்கிறோம். அடுத்த வருடத்துக்குத் தள்ளுபடிச் சீட்டு தருகிறார்களாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வழக்குக்கு முந்தைய கடிதம் போயிருக்கிறது. 10,000 பவுண்டு வரையிலான தொகைக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீல் வைக்காமலே போகலாம்.

நீங்கள் பதிவு செய்யும்போது பெல்ட் உள்ள இருக்கை எத்தனை என்று கேளுங்கள். எல்லாம் பொருத்திய நிலையில் அதே வண்டியை எடைபோட்ட சீட்டைக் கேளுங்கள், கையேட்டுப் பக்கத்தை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். சீட்டு இல்லை என்றால் அந்த இடமே வேண்டாம். நாய்க் கட்டணத்தில் முடி, வாடை, கறை எல்லாம் அடக்கமா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத்தில் வாங்குங்கள்.

இதேபோல உங்களிடமும் பணம் பிடித்திருந்தால், திரும்பக் கிடைத்துவிட்டாலும்கூட, சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்துவிடுங்கள். அங்கிருந்துதான் அது வியாபாரிகளைக் கண்காணிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் கைக்குப் போகும். நான் பதிந்துவிட்டேன்.