ஆறு வாரங்களில் மோரியா மலை: ஓர் இணையவழி வேதபாடத்தின் மதிப்புரை

விசுவாசத்தின் சோதனையாகக் கீழ்ப்படிதலையும் பலியையும் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தைக் கொண்டு கற்பிக்கும் ஆறு வார இணையவழி வேதபாடம் ஒன்றை அண்மையில் முடித்தேன். மகன் ஈசாக்கை மோரியாவில் ஒரு மலையில் பலியிடும்படி தேவன் ஆபிரகாமுக்குக் கட்டளையிட்டு, கடைசி நேரத்தில் தூதன் வழியாகத் தடுக்கும் கதை அது. வாரந்தோறும் 40 நிமிடக் காணொளி, 4 பக்கப் பயிற்சித்தாள், வார இறுதியில் ஒரு மணி நேர நேரலைக் கலந்துரையாடல் என்பது அதன் அமைப்பு. நடத்துபவரின் பெயரை இங்கே தரவில்லை. இதே பகுதியை ஏறக்குறைய இதே வரிசையில் நடத்தும் பாடங்கள் பல இருப்பதால், அவற்றில் எதில் சேர எண்ணுபவருக்கும் இக்குறிப்பு உதவக்கூடும்.

முதல் இரண்டு பாடங்களுக்காகவே இதில் சேரலாம். ஆசிரியர் அந்த 19 வசனங்களையும் அவசரமின்றி வாசிக்கிறார். "உன் புத்திரனும் உன் ஏகசுதனும் உன் நேசகுமாரனுமாகிய ஈசாக்கை" என்று கட்டளை படிப்படியாக இறுகி, கடைசியில் பெயரில் வந்து நிற்பதை ஞாயிறு பள்ளியில் ஒப்பித்த காலத்தில் நான் கவனித்ததே இல்லை. தகனபலிக்கான கட்டைகளை மகன்மேல் வைக்கும் தகப்பன், பிள்ளையைச் சுடவோ வெட்டவோ கூடிய நெருப்பையும் கத்தியையும் மட்டும் தன் கையில் எடுத்துக்கொள்கிறார் என்பதையும், "இருவரும் கூடிப்போனார்கள்" என்று ஒரு முறை சொன்ன கதை, ஆட்டுக்குட்டி எங்கே என்ற கேள்வி எழுந்து பதிலும் சொல்லப்பட்ட பிறகு மறுபடியும் அதையே சொல்கிறது என்பதையும் அவர் எடுத்துக்காட்டிய விதத்தில் நல்ல வாசகருக்குரிய பொறுமை தெரிந்தது.

இதைவிடவும் எனக்குப் பயன்பட்டது மூலமொழி பற்றிய ஒரு குறிப்பு. தேவன் அழைத்தபோதும், மகன் அழைத்தபோதும், இறுதியில் தூதன் அழைத்தபோதும் ஆபிரகாம் சொல்லும் மறுமொழி எபிரெயத்தில் 'ஹினேனி' என்ற ஒரே சொல்தான். நம் பழைய மொழிபெயர்ப்பு தேவனுக்கு "இதோ, அடியேன்" என்றும், மகனுக்கு "இதோ, இருக்கிறேன்" என்றும் தமிழுக்கே உரிய மரியாதை வேறுபாட்டோடு பிரித்துவிடுகிறது. அதனால், கடவுளுக்கு முன் நின்ற அதே ஆயத்தத்தோடு அந்த மனிதர் தம் பிள்ளைக்கு முன்னும் நின்றார் என்பது தமிழில் வாசிப்பவருக்குத் தெரியாமலே போகிறது. கீழ்ப்படிதல் என்றவுடன் மேல்நோக்கிய ஒரே உறவை நினைத்துப் பழகிய எனக்கு இது பெரிய திருத்தம்.

இரண்டாம் பாடம் இந்த அதிகாரத்தை அதன் அக்கம்பக்கத்தோடு சேர்த்து வாசிக்கிறது. 18ஆம் அதிகாரத்தில் அழிவுக்குக் குறிக்கப்பட்ட சோதோம் நகருக்காக 50 நீதிமான்களில் தொடங்கி 10 வரை இறங்கிப் பேரம் பேசிய ஆபிரகாம், தம் மகனுக்காக ஒரு சொல்கூடப் பேசவில்லை. 21ஆம் அதிகாரத்தில் "அதிகாலையில் எழுந்து" பணிப்பெண் ஆகாரையும் அவளிடம் தமக்குப் பிறந்த பிள்ளையையும் அப்பமும் தண்ணீர்த் துருத்தியும் கொடுத்து அனுப்பியவர், 22ஆம் அதிகாரத்திலும் "அதிகாலையில் எழுந்து" கழுதைக்குச் சேணம் கட்டுகிறார். இரண்டு இடங்களிலும் பிள்ளை சாவின் விளிம்புக்கு வந்தபின் வானத்திலிருந்து தூதனின் குரல் கேட்கிறது. அந்த மௌனத்துக்கு இது இதுதான் காரணம் என்று முடித்துவிடாமல், கேள்வியை மாணவரிடமே விட்டுச்சென்றதற்காக ஆசிரியருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மூன்றாம் பாடம் 'சோதனை' என்ற சொல்லைப் பற்றியது. "தேவன் ஆபிரகாமைச் சோதித்தார்" என்கிறது ஆதியாகமம். அவர் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்கிறது யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரம். ஒன்று பொன்னைப் புடமிடுவது போன்றது, மற்றது தீமைக்கு இழுப்பது என்று ஆசிரியர் ஐந்தே நிமிடத்தில் தீர்த்துவைத்தார். விளக்கம் தவறன்று. ஆனால் யாக்கோபு நிருபத்தின் கிரேக்க மூலத்தையும், பழைய ஏற்பாட்டின் பழங்கிரேக்க மொழிபெயர்ப்பையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு இடங்களிலும் ஒரே வினைச்சொல்தான் வருகிறது என்பதைச் சொல்லாமல் விட்டது, முடிச்சை அவிழ்க்காமல் அறுத்ததற்குச் சமம்.

நான்காம் பாடம் சுமார். பவுல் ரோமர் 4இல், ஆபிரகாமின் விசுவாசம் நீதியாக எண்ணப்பட்டது என்னும் ஆதியாகமம் 15:6ஐ எடுத்து விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலைப் பேச, யாக்கோபு அதே வசனத்தை மோரியாவின் பலிபீடத்தோடு இணைத்துக் கிரியையைப் பேசுகிறார் என்ற ஒப்பீடு தெளிவாக இருந்தது. மரித்தோரிலிருந்து மகனை எழுப்பத் தேவன் வல்லவர் என்று ஆபிரகாம் எண்ணியதாக எபிரெயர் 11 சொல்வதும் இடம்பெற்றது. தத்துவஞானிகளுக்குக் கிடைத்தது காணொளியில் ஒரே ஒரு ஸ்லைடு. என் மகனைக் கொல்லக்கூடாது என்பது எனக்கு உறுதி, நீ கடவுள்தானா என்பது எனக்கு உறுதியில்லை என்று ஆபிரகாம் பதிலளித்திருக்க வேண்டும் என 1798இல் காண்ட் எழுதியதும், அறத்தின் பொதுவிதியையே விசுவாசம் தற்காலிகமாக நிறுத்திவைக்கக்கூடுமா என்று 1843இல் கீர்க்ககோர் கேட்டதும் அரை நிமிடத்தில் கடந்துபோயின. விசுவாசியாக இருப்பவருக்குத்தான் காண்டின் கேள்வி உண்மையில் வலிக்கும். அதற்கு ஒரு முழுப்பாடமே ஒதுக்கியிருக்கலாம்.

என் முக்கியமான குறை ஐந்தாம் வாரத்தைப் பற்றியது. 'உங்கள் ஈசாக்கு யார்?' என்பது அந்த வாரப் பயிற்சித்தாளின் தலைப்பு. வேலை, சேமிப்பு, உறவு, எதிர்காலத் திட்டம் ஆகியவற்றை வரிசையாக எழுதி, எதை விடுவது மிகக் கடினமோ அதைப் பலிபீடத்தில் வைக்கச் சொல்கிறது. பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் கேள்விதான். இரண்டு பாடங்கள் முழுக்க அவ்வளவு கவனமாக வாசித்தவர் இதில் விழுந்ததுதான் ஏமாற்றம். ஈசாக்கு ஆபிரகாமின் உடைமை அல்ல, கேள்வி கேட்கும் வாயுள்ள ஒரு பிள்ளை. ஈசாக்கைச் சேமிப்புக் கணக்கோடு ஒரே பட்டியலில் வைத்தால், அடுத்தவரின் வாழ்க்கையைப் பலியிட்டுவிட்டு அதைத் தம் தியாகம் என்று கருதும் பழக்கத்துக்கு வழி திறந்துவிடுகிறோம். அந்த வாரக் கலந்துரையாடலில் ஒருவர், தம் தந்தை ஊழியத்துக்காக எல்லாவற்றையும் துறந்தார் என்று ஊரே பாராட்டியபோது, துறக்கப்பட்டவை எவை என்பது பிள்ளைகளுக்குத்தான் தெரிந்திருந்தது என்று மிகவும் அடக்கமாகச் சொன்னார். ஆசிரியர் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

இந்தப் பாடத்தில் வேதாகமமே வைத்திருக்கும் தடுப்புகள் எதுவும் வரவில்லை. நியாயாதிபதிகள் 11இல் யெப்தா, யாரும் கேட்காத ஒரு பொருத்தனையை, அதாவது நேர்ச்சையை, தானே செய்து மகளை இழக்கிறான். அங்கே எந்தத் தூதனும் கூப்பிடவில்லை. பிள்ளைகளை அக்கினியில் தகனிப்பதை நான் கட்டளையிடவுமில்லை, அது என் மனதில் தோன்றவுமில்லை என்று எரேமியா 7இல் கர்த்தர் சொல்கிறார். என் முதற்பேறானதைக் கொடுக்க வேண்டுமோ என்று கேட்பவனுக்கு நியாயம், இரக்கம், மனத்தாழ்மை என்று மீகா 6 மறுமொழி தருகிறது. பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சவுல் ராஜாவிடம் தீர்க்கதரிசி சாமுவேல் சொன்னதை மட்டும் மூன்று முறை மேற்கோள் காட்டிய ஆசிரியர், பலியையல்ல இரக்கத்தையே விரும்புகிறேன் என்ற ஓசியாவின் வாக்கை இயேசு மத்தேயுவில் இரண்டு முறை எடுத்தாள்வதை ஒருமுறைகூடக் குறிப்பிடவில்லை. சவுலுக்குச் சொன்னதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லலாம் என்று சபைத் தலைமையில் உள்ளவர்கள் நினைத்துவிட்டால், கடவுளுக்குக் கீழ்ப்படிதலும் அவர் பெயரால் பேசும் மனிதருக்குக் கீழ்ப்படிதலும் ஒன்றாகிவிடும். ஆபிரகாமிடம் கேட்டது வேறொருவர் வழியாக வந்த செய்தியன்று என்பதையாவது அந்தப் பயிற்சித்தாள் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

ஆறாம் பாடம் ஓரளவு மீட்டுத்தருகிறது. கட்டைகளைச் சுமந்த ஈசாக்கையும் சிலுவையைச் சுமந்த இயேசுவையும் இணைப்பது பழைய வழக்கம். ஆசிரியர் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, கைதாகுமுன் இயேசு ஜெபித்த கெத்செமனேயில் நீண்ட நேரம் நிற்கிறார். இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று முதலில் கேட்டு, அதன்பிறகே உம்முடைய சித்தம் என்று சொல்லும் அந்த ஜெபம் மூன்று முறை தொடர்வதைக் கொண்டு, மன்றாடுதலும் கீழ்ப்படிதலின் பகுதியே என்று விளக்கினார். தன் ஜீவனை ஒருவரும் பறிக்கவில்லை, தானே கொடுப்பதாக இயேசு சொல்லும் யோவான் 10ஐயும் சேர்த்தார். தன்னைக் கொடுப்பதும் பிறரைக் கொடுப்பதும் ஒன்றல்ல என்பது அங்கே கையெட்டும் தொலைவில் இருந்தது. ஐந்தாம் வாரத் தாளை எழுதுமுன் இந்தப் பாடத்தைக் கேட்டிருந்தால் பலருடைய விடைகள் மாறியிருக்கும்.

நடைமுறை விஷயங்களில் பெரிய குறையில்லை. ஒலிப்பதிவு தெளிவு, தமிழ் சுத்தம், பயிற்சித்தாளில் வசன எண்கள் சரி. கலந்துரையாடல் நேரம் மட்டும் போதவில்லை. மலையிலிருந்து ஆபிரகாம் வேலைக்காரரிடம் திரும்பியதாகச் சொல்லும் 19ஆம் வசனம் ஈசாக்கின் பெயரை ஏன் சொல்லவில்லை என்று நான் எழுதி அனுப்பிய கேள்வி கடைசிவரை எடுத்துக்கொள்ளப்படவில்லை. தனியாகச் சேர்பவர்களைவிடக் குழுவாகச் சேர்பவர்களுக்கு இது பொருந்தும். அப்படிச் சேர்ந்தால், ஐந்தாம் வாரத்தில் அந்தத் தாளை ஒதுக்கிவைத்து, யெப்தாவின் கதையையும் மீகா 6ஐயும் சேர்ந்து வாசித்துவிட்டு ஆறாம் பாடத்துக்குப் போகலாம்.