கோத்தகிரியில் கடற்புல் நடவுப் பயிற்சி: எங்கள் அனுபவம்

பாக் நீரிணைக் கரையில் கடற்புல் நடச் செல்லும் தன்னார்வலர்களுக்காகக் கோத்தகிரியில் ஒரு குழு நடத்தும் ஒருநாள் பயிற்சிக்கு, சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளுடன் போயிருந்தேன். இழுவலைகள் அரித்துப்போட்ட கடற்புல் படுகைகளை மீட்க, மூங்கில் சட்டத்தில் தென்னை நார்க் கயிறுகளை இழுத்துக் கட்டி, அவற்றில் புல்லின் தண்டுகளைப் பிணைத்துக் கடலடியில் பதிக்கிறார்கள். வேர்த்தண்டு நசுங்கவும் கூடாது, நீரோட்டத்தில் நழுவவும் கூடாது என்பதால், கோரைப்புல்லை வைத்து அந்த முடிச்சைத் திரும்பத் திரும்பப் போடச் செய்தார்கள். குளிரில் விறைத்த என் விரல்களுக்கு அது பிடிபட ஒரு மணி நேரமாயிற்று.

சோலைக்காடு மலைமண்ணைப் பிடித்து வைப்பதுபோல் கடற்புல்லின் வேர்கள் மணலைப் பிடித்து வைக்கின்றன என்று பயிற்றுநர் சொன்னது எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே விளங்கியது. ஆவுளியா எனும் கடற்பசுவுக்கு இந்தப் புல்லே உணவு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022இல் அதற்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

பயிற்சி ஒன்றரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதும், கடலில் இறங்கும்போது காலுக்கு என்ன அணிவது என்பதைச் சொல்லாமல் விட்டதும் குறைகளே. ஆனாலும் இவ்வளவு பொறுமையாகக் கற்றுத்தருபவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அடுத்த முகாமுக்கு இருவரும் பெயர் கொடுத்திருக்கிறோம். மகள் மிச்சக் கயிற்றை வாங்கிவந்து, வீட்டுத் திண்ணையில் முடிச்சுப் போட்டுப் பழகுகிறாள்.